இரண்டு சூரியன்... ஒரு குட்டிக் கிரகம்!

கல்யாண வீட்டில் அம்மி மிதித்ததும், "அதோ அருந்ததி, பாருங்க" என்று பகல் பத்து மணிக்கு வானத்தைக் காட்டுவார்களே, பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? மாப்பிள்ளையும் பொண்ணும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டுவார்கள். கொளுத்துகிற வெயிலில் எந்த அருந்ததி தெரியும்? சரி, அது போகட்டும்!

அருந்ததி தனி நட்சத்திரம் இல்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டர் என்ற நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு மங்கலாக நிற்கிறது. ஏப்ரல், மே மாத இரவுகளில் வடக்கே பார்த்தால் நிஜமாகவே தெரியும். வானத்தில் இந்த மாதிரி ஜோடிகள் ஏராளம். நம் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் கிட்டத்தட்ட பாதி, துணை நட்சத்திரத்தோடுதான் இருக்கின்றன. நம் சூரியன் மட்டும் ஏனோ ஒண்டிக்கட்டை!

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது இல்லையா? அந்த ஜோடி நட்சத்திரங்கள் பக்கத்தில் நம் பூமி மாதிரி சின்னதாக ஒரு கிரகம் இருக்குமா? இருந்தால் அங்கே காலையில் இரண்டு சூரியன் உதிக்கும். வெயிலில் நின்றால் உங்களுக்கு இரண்டு நிழல் விழும். ஆனால் கிரகத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே! கோடானுகோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அதை, தரையில் இருந்துகொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது?

"கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்" என்று முதன்முதலில் எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் தெரியுமா? நம்ம சென்னை நுங்கம்பாக்கத்தில்! வருடம் 1855.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன் மொட்டைமாடிக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடலாம்.

இரண்டு முஷ்டி உயரத்தில்...

உங்கள் வீடு மதுரை ஆனையூரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம், இரவு ஒன்பது மணி. மாடியில் நின்று தெற்கே, திருப்பரங்குன்றம் இருக்கும் திசையைப் பாருங்கள். கையை நன்றாக நீட்டி, விரல்களை மடக்கி, அடிவானத்தின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு முஷ்டி வையுங்கள். ஏறக்குறைய அந்த உயரத்தில் பளிச்சென்று இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இடது பக்கம் இருப்பதன் பெயர் ஆல்ஃபா சென்டாரி. லண்டனில் இருக்கும் பிள்ளைகள் எவ்வளவு உயரமான மாடியில் ஏறினாலும் இதைப் பார்க்க முடியாது. அவர்கள் ஊர் அவ்வளவு வடக்கே இருக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இருக்கிறது!

வலது பக்கத்து நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள், அது வெகு தூரத்தில் இருப்பது. நமக்கு வேண்டியது இடது பக்கத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த ஆல்ஃபா சென்டாரியே உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள். இதைக் கண்டுபிடித்ததும் நம்ம பக்கத்தில்தான். 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்ப்பதற்காகத் தொலைநோக்கியைத் திருப்பினார். அப்போது இது கண்ணில் பட்டது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது!

இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர சுமார் 80 வருடம் ஆகிறது. எப்படிச் சுற்றுகின்றன? நீங்களும் உங்கள் சிநேகிதரும் கைகோர்த்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுவீர்களே, அதே மாதிரிதான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றி இரண்டு பேரும் வட்டம் போடுகிறீர்கள். ஒருவர் குண்டாகவும் ஒருவர் ஒல்லியாகவும் இருந்தால், குண்டானவர் சின்ன வட்டம் போடுவார், ஒல்லியானவர் பெரிய வட்டம் போடுவார்.

இப்போது ஒல்லியானவரின் தோளில் ஒரு பை தொங்குகிறது. பைக்குள் தண்ணீர் பாட்டில். சுற்றும்போது அந்தப் பையும் சேர்ந்து ஆடும். அவருடைய வட்டம் சுத்தமாக அமையாமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தள்ளாடும். தூரத்தில் இருந்து பார்ப்பவருக்குப் பை தெரியாவிட்டாலும், ஆளின் தள்ளாட்டம் தெரியும். "இவர் தோளில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிடலாம்.

கிரகம்தான் அந்தப் பை!

நுங்கம்பாக்கத்துக் கேப்டன்

பலத்த மழை பெய்தால் டி.வி.யில் நுங்கம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வானிலை மையம் இருக்கும் இடம். (ஸ்கூல் லீவா இல்லையா என்று நாம் காத்துக் கிடப்பது அந்த நேரத்தில்தானே!) அதே வளாகத்தில்தான் 1792ல் கட்டிய சென்னை வானாய்வகம் இருந்தது. தொலைநோக்கி ஆடாமல் இருக்க அங்கே நட்டு வைத்த கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள்.

1848ல் அந்த வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் என்ஜினீயர். ஆனால் மனசெல்லாம் வானத்தில்தான். அதற்கு முன் பூனாவில் சொந்தமாகத் தொலைநோக்கி வைத்து, 244 இரட்டை நட்சத்திரங்களுக்குப் பட்டியல் போட்டவர். சென்னைக்கு வந்தபின் 1852ல், சனி கிரகத்தின் மங்கலான உள்வளையம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிகிறது என்பதைக் கவனித்துச் சொன்னார். ஏனோதானோ என்று பார்க்கிற ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் விடாமல் கவனித்த ஜோடிகளில் ஒன்றின் பெயர் 70 ஓஃபியூக்கி. பாம்பைக் கையில் பிடித்திருக்கும் மனிதர் என்று கிரேக்கர்கள் கற்பனை செய்த மண்டலத்தில் இருக்கிறது. இது இரட்டை என்பதை 1779ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். (யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தாரே, அவரேதான்.) அன்றிலிருந்து பலரும் இந்த ஜோடியை அளந்து குறித்து வைத்திருந்தார்கள்.

அளப்பது என்றால் என்ன? தொலைநோக்கிக்குள் சிலந்தி இழை மாதிரி மெல்லிய நூல்கள் இருக்கும். ஒரு நூலை ஒரு நட்சத்திரத்தின் மேலும், இன்னொரு நூலை அடுத்த நட்சத்திரத்தின் மேலும் பொருந்தும்படி திருகாணியைத் திருக வேண்டும். எவ்வளவு திருகினோம் என்பதில் இருந்து இடைவெளி தெரியும். இந்த ஜோடியின் இடைவெளி சில விகலைகள்தான். விகலை என்றால்? ஆனையூரில் நீங்கள் நிற்கிறீர்கள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒருவர் இரண்டரை சென்டிமீட்டர் அகல நாணயம் ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறார். அந்த நாணயம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அதுதான் ஒரு விகலை! ஜேக்கப் தேடியதோ அதிலும் ஒரு சிறு பங்கு தள்ளாட்டத்தை.

தன் அளவுகளையும் மற்றவர்களின் பழைய அளவுகளையும் வைத்துக் கணக்குப் போட்டார். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு சமயம் முன்னால் நின்றது, ஒரு சமயம் பின்னால் நின்றது. அப்போதுதான், இந்த ஜோடியோடு கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்று எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். வேறொரு நட்சத்திரத்தின் கிரகத்தை, அளவெடுத்து, கணக்குப் போட்டுச் சொன்ன முதல் கட்டுரைகளில் ஒன்று அது. நுங்கம்பாக்கத்தில் இருந்து!

கணக்கு எங்கே உதைத்தது?

ஆனால்... அந்தக் கிரகம் அங்கே இல்லை.

1890களில் அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவரும் இதே 70 ஓஃபியூக்கியைப் பிடித்துக்கொண்டார். 36 வருடத்துக்கு ஒருமுறை சுற்றும் இருண்ட பொருள் ஒன்று அங்கே இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். 1899ல் ஃபாரஸ்ட் ரே மோல்டன் என்ற இளைஞர், சீ சொன்னதை அப்படியே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு பொருள் இருந்தால், அடுத்த நட்சத்திரம் இழுக்கிற இழுப்பில் அது நிலைக்கவே நிலைக்காது என்று காட்டினார். தட்டாமாலை சுற்றும் இருவருக்கு நடுவே மூன்றாவது ஆள் புகுந்தால் என்ன ஆகும்? தூக்கி எறியப்படுவார் இல்லையா, அதுதான்!

இரட்டை நட்சத்திரத்தில் கிரகம் வாழ இரண்டே வழிதான். ஒன்று, ஏதாவது ஒரு நட்சத்திரத்தை நெருங்கி ஒட்டிக்கொண்டு அதை மட்டும் சுற்ற வேண்டும். அல்லது, இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளி நின்று பெரிய சுற்றாகச் சுற்ற வேண்டும். நடுவாந்திரத்தில் இடமில்லை.

பாவம், ஜேக்கப் எங்கே தவறினார்? இந்த ஜோடி ஒரு சுற்று முடிக்க 88 வருடம் ஆகும். ஹெர்ஷல் பார்த்தது 1779. ஜேக்கப் எழுதியது 1855. கழித்துப் பாருங்கள், 76 வருடம்! ஒரு முழுச் சுற்றைக்கூட அதுவரை யாரும் பார்த்து முடிக்கவில்லை. சரியான பாதை எது என்றே தெரியாதபோது, பாதையை விட்டு விலகியது எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தொலைநோக்கிகளில் எடுத்த அளவுகள். ஒரே பென்சிலை வகுப்பில் நாற்பது பேரிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், எத்தனை விடை வருகிறது பாருங்கள்!

உடல்நலம் கெட்டு ஜேக்கப் ஊர் திரும்பினார். ஆனால் ஆசை விடவில்லை. பூனா பக்கத்து மலையில் புது வானாய்வகம் அமைக்க, பெரிய தொலைநோக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு 1862 ஆகஸ்டில் பம்பாயில் வந்து இறங்கினார். சில நாட்களிலேயே பூனாவில் காலமாகிவிட்டார். வயது 48. சென்னை வானாய்வகத்தின் வேலைகள் 1899ல் நம்ம கொடைக்கானல் மலைக்கு மாறின. மோல்டன் கணக்குப் போட்ட அதே வருடம்!

கூடல் நகர் ரயில் சொல்லும் பாடம்

ஜேக்கப் தேடியது நட்சத்திரத்தின் பக்கவாட்டுத் தள்ளாட்டத்தை. இப்போது வேறு விதமாகவும் தேடுகிறார்கள். அது நமக்குத் தெரிந்த சங்கதிதான். கூடல் நகர் ஸ்டேஷனில் நிற்காமல் ஓடும் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே போவதைக் கேட்டிருக்கிறீர்களா? நம்மை நோக்கி வரும்போது கீச்சென்று கேட்கும் சத்தம், தாண்டிப் போனதும் சட்டென்று தணிந்துவிடும். ஒளியும் அப்படித்தான். நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் ஒளி கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம் நகரும். ஒளியை வானவில்போலப் பிரித்துப் பார்த்தால், அது என்ன வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வியாழன் மாதிரி பெரிய கிரகம் நம் சூரியனை விநாடிக்கு 12 மீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஆட்டுகிறது. மணிக்கு 45 கிலோமீட்டர், அதாவது நிதானமாகப் போகும் ஸ்கூட்டர். நம் பூமி? விநாடிக்கு 9 சென்டிமீட்டர்தான்! சின்னக் கிரகத்தைத் தேடுவது ஏன் பெரும்பாடு என்று இப்போது புரிகிறதா?

ஜோடி என்றால் இன்னும் சிக்கல். கெப்ளர்-16 என்று ஒரு ஜோடி. அதில் பெரிய நட்சத்திரம், துணையோடு ஆடும் வேகமே விநாடிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல். இரண்டையும் சேர்த்துச் சுற்றும் கிரகத்தால் வரும் ஆட்டமோ சுமார் 12 மீட்டர். ஓடும் வைகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்திருக்கும் தாத்தா தூங்கி விழுவதை, வெளியே வயலில் நின்றுகொண்டு அளப்பது மாதிரி! 2011ல் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி கண்டுபிடித்த இந்தக் கிரகத்தை, 2022ல் பிரான்சில் தரையில் இருக்கும் 1.93 மீட்டர் தொலைநோக்கியால் அளந்தே காட்டிவிட்டார்கள். ஆனால் அது சனி அளவு கிரகம். நாம் தேடுவது குட்டி.

நம் மொட்டைமாடி நட்சத்திரம் ஆல்ஃபா சென்டாரிக்கு வருவோம். 2012 அக்டோபரில் பெரிய செய்தி வந்தது. அந்த ஜோடியில் சின்ன நட்சத்திரத்தை, ஏறக்குறைய பூமி எடையுள்ள கிரகம் ஒன்று மூன்றேகால் நாளில் சுற்றுகிறதாம்! தென் அமெரிக்காவில், சிலி நாட்டு மலையில் இருக்கும் தொலைநோக்கியில் நான்கு வருடம் பார்த்துச் சொன்னார்கள். ஆட்டம் விநாடிக்கு 51 சென்டிமீட்டர். குழந்தை தத்தித் தத்தி நடக்கிற வேகம். உலகமே கொண்டாடியது. 2015ல் வேறு குழுவினர் அதே அளவுகளை எடுத்து அலசினார்கள். தினமும் பார்க்க முடியாமல் இடையிடையே விட்டு விட்டுப் பார்த்ததால் கணக்கில் தானாக எழுந்த மாயத்தோற்றம் அது என்று தெரிந்தது. ஜேக்கப்புக்கு 160 வருடம் கழித்து, அத்தனை கம்ப்யூட்டர்களோடும், அதே மாதிரி ஒரு சறுக்கல்! (2024ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில், பெரிய நட்சத்திரத்தின் அருகே கிரகமோ என்று நினைக்கும்படி ஒரு புள்ளி தெரிந்தது. 2025ல் மறுபடி எடுத்த படங்களில் அது இல்லை. ஒளிந்துகொண்டதா, இல்லவே இல்லையா என்பது இனிமேல்தான் முடிவாக வேண்டும்.)

ஆனால் 2016ல், அந்த ஜோடியை வெகு தூரத்தில் இருந்து சுற்றும் மூன்றாவது தம்பி பிராக்ஸிமா இருக்கிறதே, அதைச் சுற்றி ஏறக்குறைய பூமி எடையில் ஒரு கிரகம் சிக்கியது. பதினொரு நாளுக்கு ஒரு சுற்று. அதையும் சிலி மலையில் இருந்தே கண்டார்கள். இந்தக் கிரகம் பலமுறை சரிபார்க்கப்பட்டுவிட்டது.

பணியாரத்தில் ஒட்டிய கடுகு

இன்னொரு வழி, கிரகம் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது ஒளி கொஞ்சம் மங்குவதைப் பிடிப்பது. பூமி நம் சூரியனின் குறுக்கே போனால், தூரத்தில் இருப்பவருக்கு ஒளி பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். பெரிய நெய் ரோஸ்ட்டின் மேல் ஒட்டிய கடுகு! அதே கடுகு குழிப்பணியாரத்தில் ஒட்டியிருந்தால் பளிச்சென்று தெரியும்தானே? அதனால் சின்ன நட்சத்திர ஜோடியாகத் தேடினார்கள். கிடைத்தது சி.எம். டிராகோனிஸ். இரண்டுமே குட்டிச் சிவப்பு நட்சத்திரங்கள். ஒன்றேகால் நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றி, மாறி மாறி மறைத்துக்கொள்கின்றன.

1994ல் இருந்து சில வருடங்கள், லாரன்ஸ் டாயில் என்பவரும் நண்பர்களும் பல நாடுகளில் இருக்கும் தொலைநோக்கிகளைத் திருப்பி ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இதைப் பார்த்தார்கள். ஏன் பல நாடு? ஓர் ஊரில் விடிந்துவிட்டால் இன்னோர் ஊரில் இரவாக இருக்க வேண்டுமே! பெரிய தடை காற்றுதான். சூடான தோசைக்கல்லுக்கு மேலே பார்த்தால் சுவர் நெளிகிறதே, அந்த மாதிரி காற்று நட்சத்திர ஒளியை நெளியவிடும். மின்னுவது நமக்கு அழகு, அவர்களுக்குத் தலைவலி! இத்தனை பாடுபட்டும் உறுதியான கிரகம் ஒன்றும் அகப்படவில்லை. டாயில் விடவில்லை. 2011ல் கெப்ளர்-16 கிரகத்தை அறிவித்தாரே, அந்தக் குழுவின் தலைவர் அவர்தான்!

சரி, தரையில் இருந்தே, ஜோடி நட்சத்திரத்தில், நிஜமாகவே ஒரு குட்டிக் கிரகம் கிடைத்ததா இல்லையா என்று கேட்கிறீர்களா? கிடைத்தது! கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியாக விளக்கைப் பார்த்தால் ஒளி வளைந்து பெரிதாகத் தெரியும் அல்லவா? ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் இன்னொன்று வந்தால், அதன் ஈர்ப்பு விசை அந்த டம்ளர் வேலையைச் செய்யும். பின்னால் இருப்பது சில நாள் பிரகாசமாகி அடங்கும். 2013ல் சிலியில் இருக்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியும், உதவிக்கு வந்த மற்ற தொலைநோக்கிகளும் அப்படி ஒன்றைப் பார்த்தபோது, எதிர்பாராமல் ஒளியில் ஒரு சின்ன மங்கல். 2014ல் கணக்கு முடிந்தது. சுமார் 3,000 ஒளியாண்டு தூரத்தில் சிவப்பு நட்சத்திர ஜோடி. அதில் ஒன்றைச் சுற்றி, பூமியைப்போல் சுமார் இரண்டு மடங்கு எடையுள்ள கிரகம்! ஒரே ஒரு வருத்தம். இந்த டம்ளர் விளையாட்டு ஒரு தடவைதான். மறுபடி பார்க்கக் கொடுத்து வைக்காது.

நம் நாட்டிலும் இந்தத் தேடல் நடக்கிறது. ராஜஸ்தானில் அபு மலையில் இருக்கும் 1.2 மீட்டர் தொலைநோக்கி, ரயில் ஹாரன் முறையில் 2018ல் பூமியைப்போல் 27 மடங்கு எடையுள்ள கிரகத்தை அளந்தது. நம் ஜவ்வாது மலைக் காவலூரில், 1986ல் இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது.

ஆகஸ்டில் உச்சியில்

ஜேக்கப்பின் 70 ஓஃபியூக்கி என்ன ஆனது? 2006ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருந்து தேடியவர்கள், வியாழன் மாதிரி பெரிய கிரகம் எதுவும் அருகில் தென்படவில்லை என்றார்கள். ஆனால் பூமி அளவுக் கிரகம் இருந்தால், அது அவர்கள் கருவிக்குத் தெரிந்திருக்காது. இருக்கிறதா, இல்லையா என்று இன்றுவரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதம் இரவு ஒன்பது மணிக்கு அது மதுரையில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். தெற்கே செக்கச்செவேல் என்று கேட்டை. வடக்கே வெள்ளையாக அபிஜித். இரண்டுக்கும் நடுவே மனசுக்குள் ஒரு கோடு இழுத்து, பாதி வழியில் நின்று, கிழக்கே திருவோணம் இருக்கும் பக்கம் ஒரு முஷ்டி நகருங்கள். மங்கலானதுதான். ஆனையூர் தெருவிளக்கு வெளிச்சத்தில் சிரமம். லீவுக்கு அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமத்துக்குப் போனால் வெறும் கண்ணுக்கே தெரியும். ஸ்கூலில் மூன்று அங்குலத் தொலைநோக்கி இருந்தால் சாரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வருடங்களில் ஜோடி நன்றாக விலகி நிற்கிறது, மஞ்சளும் ஆரஞ்சுமாக இரண்டு புள்ளிகள் தெரியும். உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி பதினாறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது கிளம்பும்போது நீங்கள் யாரும் பிறக்கவே இல்லை!